பத்திரிகை அடிக்கப் போயி இலக்கணம் படிச்சுட்டு வந்தோம்: மதுரையில ஒரு பிரஸ்ஸுக்கு 5க்கு 3 ஸ்டார்

தங்கச்சி கல்யாணத்துக்கு பத்திரிகை அடிச்ச பிரஸ்ஸுக்கு ரிவ்யூ எழுதப் போறேன்னு சொன்னதுக்கு எங்கம்மா, "வேணாம்டா, அந்தாளு இதுலயும் ஒற்றுப்பிழை கண்டுபிடிப்பாரு"ன்னுச்சு. கண்டுபிடிக்கட்டும். கடை பேரு மட்டும் போட மாட்டேன், வேலை சுத்தமா செஞ்சு குடுத்த மனுசன் பொழப்புல மண்ணப் போட எனக்கு ஆசையில்ல. மாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள்ள இருக்கு, அவருகிட்ட அடிச்சவங்களுக்கு கொஞ்சம் படிச்சாலே யாருன்னு தெரிஞ்சிரும்.

நல்லத மொதல்ல சொல்லிருவோம். 400 பத்திரிகை, ஒண்ணு 18 ரூபா, கவரோட சேத்து. கார்டு சிவகாசியில இருந்து வர்றதுதான், எல்லா கடையிலயும் இருக்குற அதே ஆல்பம், ஆனா பிரிண்டிங் நிஜமாவே நல்லாருந்துச்சு. பிள்ளையார் கோல்டு ஃபாயில் உரியல, செவப்பு எழுத்து கலங்கல, முக்கியமா நாலு மூலையிலயும் மஞ்சத் தடவுனப்ப மை இழுவல. (சொந்தத்துல ஒருத்தரு வேற எங்கயோ அடிச்சதுல மஞ்சத் தடவுனதும் ஓரத்துல இருந்த தாய்மாமன் பேரு அழிஞ்சு போயி, அவரு கல்யாணத்துக்கே வரமாட்டேன்னு உக்காந்துட்டாரு, அந்தப் பயம் எங்களுக்கு இருந்துச்சு.) நாலு நாள்ல தர்றேன்னாரு, பதினோரு நாள் ஆச்சு. மெஷின் ரிப்பேர் இல்ல, கரண்ட் கட் இல்ல, பேப்பர் வரலைங்கற கதையும் இல்ல. மிச்ச ஏழு நாளும் இலக்கணத்துக்குப் போச்சு.

கடைக்குள்ள நுழைஞ்சதும் எதிர் சுவத்துல ஒரு பெரிய அட்டை, லேமினேஷன் பண்ணி. இடது பக்கம் "தவறு", வலது பக்கம் "சரி". சுவற்றில் தப்பு, சுவரில் சரி. பதட்டம் தப்பு, பதற்றம் சரி. முயற்சித்தான் தப்பு, முயன்றான் சரி. அருகாமையில் தப்பு, அருகில் சரி. இப்டியே ஒரு நாப்பது வரி. அதுக்கு கீழயே இன்னொரு அட்டை, "கலர் ஜெராக்ஸ் எடுத்துத் தரப்படும்"னு, த் எல்லாம் கரெக்டா இருக்கு. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "ஜெராக்ஸ் மட்டும் தமிழா சார்"னு கேட்டேன். "அது கஸ்டமருக்காக தம்பி, ஒளிநகல்னு போட்டா எவன் உள்ள வருவான்"னாரு. ஆகா, கஸ்டமருக்கு வளைஞ்சு குடுக்கத் தெரிஞ்ச ஆளுன்னு நம்பி சேரை இழுத்துப் போட்டு உக்காந்தேன். அதான் நான் பண்ண தப்பு.

எங்கப்பா லாரி புக்கிங் ஆபீஸ்ல கணக்கு எழுதுனவரு, எட்டாவது வரைக்கும்தான் படிப்பு. ரெண்டு ராத்திரி உக்காந்து கோடு போட்ட தாள்ல பத்திரிகை வாசகத்த முத்து முத்தா எழுதிட்டு வந்திருந்தாரு. மாதிரிக்கு 1989ல அடிச்ச அவரோட கல்யாணப் பத்திரிகைய வேற பீரோவுல இருந்து எடுத்துட்டு வந்தாரு, அதுல லை, னை எல்லாம் பழைய கொம்பு போட்ட எழுத்து. 1978லயே அரசாங்கம் அத மாத்திருச்சு, ஆனா ஈய எழுத்த காசு குடுத்து வாங்கி வச்சிருந்த சின்ன பிரஸ்காரங்க தேயுற வரைக்கும் பழசத்தானே ஓட்டுவாங்க. ஓனரு அந்தப் பழைய பத்திரிகைய கையில வாங்குனதும் மூஞ்சி மலந்துச்சு, நல்ல மனுசன்னு தோணுச்சு. அப்பறம் பாக்கெட்ல இருந்து செவப்புப் பேனாவ எடுத்தாரு.

மொத அடி "திருவளர்ச்செல்வி"ல விழுந்துச்சு. "ச் வரக்கூடாதுண்ணே, இது வினைத்தொகை. வளர்ந்த செல்வி, வளர்கின்ற செல்வி, வளரும் செல்வி, மூணு காலமும் ஒளிஞ்சிருக்கு, வினைத்தொகையில வல்லினம் மிகாது. ஊறுகாய்னு சொல்றோம், ஊறுக்காய்னு சொல்றோமா?" இது எனக்குப் பிடிச்சிருந்துச்சு, சத்தியமா. பத்தாவதுல மார்க்குக்காக மனப்பாடம் பண்ணத ஊறுகாய வச்சு ஒருத்தரு புரிய வச்சா சந்தோசம்தானே. அப்பா பழைய பத்திரிகைய நீட்டி, "இதுல ச் போட்டுருக்கே சார்"னாரு. "அப்ப 35 வருசமா தப்பாவே இருக்கு"ன்னாரு ஓனரு. கடையில வேற ரெண்டு கஸ்டமர் உக்காந்திருந்தாங்க, ஒருத்தரு சிரிச்சாரு. அப்பா அந்தப் பத்திரிகைய மடிச்சு கவருக்குள்ள வச்சுட்டாரு.

அடுத்தது தேதி வரி. "நிகழும் மங்களகரமான குரோதி வருஷம் தை மாதம் 19ம் தேதி"ன்னு அப்பா எழுதியிருந்தாரு. மங்களம் இல்லையாம் மங்கலம். வருஷம் இல்லையாம் ஆண்டு. 19ம் இல்லையாம் 19ஆம். அதோட விட்டாரா, குரோதின்னாலே கோவக்காரன்னு அர்த்தம், கல்யாணப் பத்திரிகையில இதப் போய் போடலாமா, இங்கிலீஷ் வருசத்தோட 31 கூட்டுனா திருவள்ளுவர் ஆண்டு, 2025க்கு 2056, அதப் போடுங்கன்னு ஒரு கால் மணி நேரம். மாப்ள வீட்ல ஜாதகம் பாத்து முகூர்த்தம் குறிச்சவங்க, அவங்ககிட்ட போயி குரோதிய எடுத்துட்டோம்னு யாரு சொல்றது. குரோதி இருக்கட்டும்னோம். மத்ததெல்லாம் சரின்னுட்டோம். அந்த 19ஐ அவரு செவப்புப் பேனாவால சுத்தி வட்டம் போட்டு பக்கத்துல "ஆம்"னு எழுதுனது நல்லா ஞாபகம் இருக்கட்டும், அதுக்கு திரும்ப வருவோம்.

"வாழ்த்துக்கள்" பஞ்சாயத்து உங்களுக்கெல்லாம் தெரியும், ஊர்ல எல்லா குடும்ப வாட்ஸப் குரூப்லயும் ஒரு சித்தப்பா இதுக்குன்னே இருப்பாரு. க் போட்டா வாழ்த்தோட கள்ளு சேந்துருமாம், குடிக்கிற கள்ளு. எங்கப்பா அதுக்குள்ள கொஞ்சம் சூடாயிட்டாரு, "அப்ப பசுக்கள், பூக்கள்ல மட்டும் எப்டி சார் க் வந்துச்சு, பசு கள்ளு குடிக்குதா"ன்னு கேட்டாரு பாருங்க, எட்டாவது படிச்ச மனுசன், எனக்கு விசில் அடிக்கணும்போல இருந்துச்சு. ஓனரு அசரல. பசு முற்றியலுகரம், பூ ஓரெழுத்து ஒருமொழி, வாழ்த்து வன்தொடர்க் குற்றியலுகரம், மூணும் மூணு சாதின்னாரு. நான் சொன்னேன், சார் வன்தொடர்னா வல்லினம் மிகணும்லன்னு சொல்வாங்க, எட்டுத்தொகை, பத்துப்பாட்டு மாதிரின்னு. அதுக்கும் பதில் ரெடி: தொகையும் பாட்டும் முழுச் சொல்லு, கள் வெறும் விகுதி, தனியா நிக்காது, அதனால மிகாது. அப்டி சொல்ற இலக்கணக்காரங்க இருக்கத்தான் செய்றாங்க. ஆனா பழைய அச்சுப் புத்தகங்களப் புரட்டுனா எழுத்துகள்னும் கெடக்கு எழுத்துக்கள்னும் கெடக்கு, படிச்சவங்களே ரெண்டு விதமாவும் எழுதியிருக்காங்க, யாரும் கள்ளு குடிச்சுட்டு வாழ்த்துனதா நெனைக்கல. இத சொல்றதுக்குள்ள அவரு அடுத்த வரிக்குப் போயிட்டாரு.

அங்கதான் எனக்கு சிரிப்பு வந்துருச்சு. பத்திரிகை அடியில சின்னப் பிள்ளைங்க பேருல ஒரு வரி போடுவோம்ல, அதுல என் பையன், நாலு வயசு, அவன் பேரப் போட்டு "எங்க அத்தை கல்யாணத்துக்கு கண்டிப்பா வந்துருங்க"ன்னு எழுதியிருந்தோம். அத அடிச்சுட்டு "எம் அத்தையின் திருமணத்திற்குத் தவறாது வருக"ன்னு மாத்துனாரு. நாலு வயசுப் பையன் சார், அவனுக்கு இன்னும் ழ வரல, "பயம்"னா பழம்னு நாங்க புரிஞ்சுக்குறோம், அவன் போயி தவறாது வருகன்னா பேயோட்ட ஆள் வரணும்னேன். "பத்திரிகை ஆவணம் தம்பி, பேச்சு வழக்கு கூடாது"ன்னாரு.

இப்ப முக்கியமான எடம். அப்பா "எனது மகள்"னு எழுதியிருந்தாரு. ஓனரு பேனாவ வச்சுட்டு சாஞ்சு உக்காந்துக்கிட்டாரு, நல்ல பீஸ் மாட்டிருச்சுங்கற மாதிரி. "எனது"ல இருக்குற "அது"ங்கற வேற்றுமை உருபு அஃறிணை ஒருமைக்குத்தான் வரும். எனது வீடு, எனது மாடு, எனது சைக்கிள். மகள் உயர்திணை, என் மகள்னுதான் சொல்லணும். "எனது மகள்னா பெத்த பொண்ண மாடுங்கற மாதிரி ஆயிரும்ணே" அப்டின்னாரு, அந்த ரெண்டு கஸ்டமரையும் பாத்து. அவங்க சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன், நன்னூல்ல அப்டித்தான் இருக்கு, அவரு விதிய தப்பா சொல்லல. ஆனா எங்கப்பா ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. போயி பாத்தா டீக்கடை வாசல்ல நின்னுட்டு இருக்காரு, டீ சொல்லல, சும்மா நின்னுட்டு இருக்காரு. என்னப்பான்னேன். "எனதுன்னு போடக்கூடாதாம்டா"ன்னாரு. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் கூட இல்லாத நேரத்துல ஒரு அப்பன்கிட்ட சொல்ற வார்த்தையா அது. நான் ரெண்டு டீ சொன்னேன்.

மூணாவது புரூஃப்ல மாப்ள பேரு "அரீசு"ன்னு வந்துச்சு. ஹரீஷ். ஹ, ஷ மாதிரி கிரந்த எழுத்தே வேணாம்னு முடிவு பண்ணி எங்ககிட்ட கேக்காம மாத்திட்டாரு. கேட்டா தொல்காப்பியம், வடசொல்ல வடவெழுத்த நீக்கித்தான் தமிழ்ல எழுதணுமாம், கம்பரே விபீஷணன வீடணன்னும் லட்சுமணன இலக்குவன்னும் எழுதுனாரேங்குறாரு. சார், விபீஷணனுக்கு ஆதார் கார்டு இல்ல. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி கல்யாணத்த பதிவு பண்ணியே ஆகணும், பதிவாளர் ஆபீஸ்ல ஆதாரோட பத்திரிகையும் குடுக்கணும், ஒண்ணுல ஹரீஷ் இன்னொண்ணுல அரீசுன்னா அங்க என்ன கம்பராமாயணமா சொல்ல முடியும். அந்த புரூஃப நான் தெரியாத்தனமா மாப்ள வீட்டு குரூப்ல போட்டுத் தொலைச்சுட்டேன், அவங்க பெரியப்பா போன் பண்ணி "அரிசி வியாபாரம் பண்ற குடும்பம்னு கிண்டல் பண்றீங்களா தம்பி"ன்னு கேட்டாரு. நெசமாவே அவங்க அரிசி மண்டிதான் வச்சிருக்காங்க. அத சமாதானப்படுத்த ஒன்றரை நாள்.

மாப்ள படிப்பையும் "இளநிலைப் பொறியியல்"னு மாத்திருந்தாரு, அத சொன்னா நீளும், விடுங்க.

இப்ப அந்தக் கடையோட உண்மையான சொத்த சொல்றேன். உள் ரூம்ல டிடிபி பண்ற அக்கா ஒண்ணு இருக்கு. பாமினி கீபோர்டுல ஸ்கிரீன கூட பாக்காம அடிக்குது, வாயே திறக்காது. நாலாவது புரூஃபுக்கு நான் மட்டும் போயிருந்தேன், ஓனரு முன்னாடி யாருக்கோ காதுகுத்து பத்திரிகையில மிகுமிடம் மிகாவிடம் நடத்திட்டு இருந்தாரு. அக்கா மெதுவா கூப்ட்டு, "தம்பி, பிப்ரவரி 2 ஞாயித்துக்கிழமைதானே கல்யாணம்"னுச்சு. ஆமான்னேன். பக்கத்துல மாட்டியிருந்த புது வருச தினசரி காலண்டர புரட்டிக் காட்டுச்சு. தை 20. நாங்க 19னு குடுத்திருக்கோம். அப்பா 2024ல பொங்கல் ஜனவரி 15ல வந்தத மனசுல வச்சு கணக்குப் போட்டிருக்காரு, 2025ல ஜனவரி 14லயே வந்துருச்சு, ஒரு நாள் தள்ளிப் போச்சு. அந்த 19ஐத்தான் ஓனரு வட்டம் போட்டு ஆம் சேத்துட்டு போனாரு, நாலு புரூஃப்ல நாலு தடவ அவரு கையெழுத்து அதுக்குப் பக்கத்துல இருக்கு. அக்கா இத ஓனர்கிட்ட சொல்லவே இல்ல, மாத்திட்டு, "நீங்க சொன்னதா சொல்லிக்கங்க"ன்னுருச்சு. வேற என்ன வேணுமோ அவரு கையெழுத்துப் போட்டு மேல போனப்பறம் சொல்லுங்க மாத்தித் தர்றேன்னும் சொல்லுச்சு. பையனோட வரி அப்டித்தான் திரும்ப வந்துச்சு, "கண்டிப்பா வந்துருங்க".

"எனது மகள்" மட்டும் மறுபடி போட வேணாம்னு அப்பாவே சொல்லிட்டாரு. அக்காதான் "எங்கள் மகள்"னு போடட்டுமான்னு கேட்டுச்சு. வீட்ல அம்மா பாத்துட்டு, "இப்பதான் சரி, நான் என்ன அவள கடையிலயா வாங்கிட்டு வந்தேன்"னுச்சு. அப்பா எழுதுன தாள்ல அம்மாவுக்கு எடமே இல்லங்கறது அதுவரைக்கும் எங்க யாருக்கும் தோணல, ஓனருக்கும் சேத்துத்தான்.

ஓனர பத்தியும் ஒண்ணு சொல்லணும், இல்லன்னா ஒரு பக்கமா போயிரும். ஆறாவது புரூஃப் அன்னைக்கு கொஞ்சம் பேசிட்டு இருந்தோம். அவரு அப்பா ஒரு பெரிய பிரஸ்ல அச்சுக் கோத்தவரு. ("அச்சு கோர்த்தவரா சார்"னேன், "கோத்தவர்"னாரு, சரின்னேன்.) ஒவ்வொரு எழுத்தா ஈயத்துல பொறுக்கி, வலது இடது மாத்தி அடுக்கணும், ஒரு க் விட்டுப் போச்சுன்னு பின்னாடி தெரிஞ்சா வரிய பிரிச்சு, சில சமயம் பத்தியவே தள்ளித் தள்ளி திரும்பக் கோக்கணும், அப்பாவோட வெரலு கடைசி வரைக்கும் கறுப்பாவே இருந்துச்சுன்னாரு. வீட்ல சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு வாக்கியம் சொல்லி சந்தி கேப்பாராம், தப்பா சொன்னா அடிதான். அப்ப எனக்கு கோவம் பாதி எறங்கிருச்சு. இருந்தாலும் விடாம, "நன்னூல் கடைசியிலயே பவணந்தியாரு பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவலன்னு சொல்லிட்டாரேய்யா"ன்னு என் ஒரே அஸ்திரத்த விட்டேன். ஸ்கூல்ல தமிழய்யா சொல்லிக் குடுத்தது, எங்க வேணா யூஸ் ஆகும். "கால வகையினானேன்னு முடியும் தம்பி, பாதிய முழுங்கிட்டீங்க. காலத்தால மாறுறது வேற, அவசரத்துல மாறுறது வேற"ன்னாரு. நல்ல பதில். என்கிட்ட அதுக்கு மறுபேச்சு இல்ல. ஆனா இதையே எங்கப்பாவ தனியா உக்கார வச்சு சொல்லியிருந்தா ஒரே நாள்ல எல்லாத்தையும் அவரே மாத்தியிருப்பாரு, விலாசத்துல கெழக்குத் தெருவுக்கு த் போட்டதுக்கு அவரே "ஆமா, அதான் சரியா தெரியுது"ன்னு ஒத்துக்கிட்டவருதானே. எதிர்ல ரெண்டு பேரு உக்காந்திருந்தா மட்டும்தான் ஓனருக்கு இலக்கணம் பொங்குது, நான் தனியா போன நாள்ல எல்லாம் அஞ்சு நிமிசத்துல விட்டுட்டாரு, இத மூணு தடவ கவனிச்சேன்.

ஒரு ஸ்டார் இதுக்குப் போச்சு, இன்னொண்ணு லேட்டானதுக்கு. பிரிண்டிங்குக்கு முழு மார்க்கு. அக்காவுக்கு தனியா அஞ்சு ஸ்டார் குடுக்க எடம் இருந்தா குடுத்திருப்பேன்.

பக்கவிளைவு ஒண்ணு இருக்கு, எச்சரிச்சுடுறேன். இப்ப எங்க வீட்டுக்கு எந்தப் பத்திரிகை வந்தாலும் அப்பா கண்ணாடியப் போட்டுக்கிட்டு மொத வேலையா திருவளர்செல்வனத் தேடுறாரு. போன வாரம் ஒருத்தங்க தட்டோட வந்து பத்திரிகைய நீட்டுனாங்க, இவரு பிரிச்சுப் பாத்துட்டு, "ச் வராது, வினைத்தொகை"ன்னாரு. அவங்களுக்கு ஒண்ணும் புரியல, அம்மா காப்பி போடப் போயிருச்சு.

போறதா இருந்தா இதெல்லாம் தெரிஞ்சுக்கங்க. வண்டி நிறுத்த எடம் கெடையாது, மெயின் ரோட்டுல போட்டுட்டு நடக்கணும். ஜிபே உண்டு, அட்வான்ஸ் பாதி. 300க்கு கம்மியா அடிச்சா ரேட்டு ஏறும். பேரெல்லாம் ஆதார்ல இருக்குற மாதிரியே தாள்ல எழுதி, "மாத்தக்கூடாது"ன்னு பக்கத்துல எழுதிருங்க, க் போட மறக்காதீங்க, இல்லன்னா அதுக்கே அரை மணி நேரம் போயிரும். நாள் மட்டும் செவ்வாய்க்கிழமையா பாத்துப் போங்க. நல்ல காரியத்துக்கு செவ்வாய் ஆகாதுன்னு கஸ்டமர் யாரும் வரமாட்டாங்க, ஓனரு அன்னைக்கு திருப்பரங்குன்றம் போயிட்டு மதியத்துக்கு மேலதான் வருவாரு, அதுவரைக்கும் கடையில அக்கா மட்டும்தான்.